துட்டி கேட்க ஆள் வராத சாவு

எங்கள் குமரி மாவட்டத்தில் ஒரு வீட்டில் ஆள் இறந்துவிட்டால், அடுத்து என்ன செய்வது என்று அந்த வீட்டார் யோசிக்க வேண்டியதே இல்லை. யார் யாருக்குச் சொல்லிவிட வேண்டும், பந்தலுக்கு யாரைக் கூப்பிட வேண்டும், குழி வெட்டுவது யார் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். அடுப்பு பற்றவைக்காத வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக் கஞ்சியும் துவையலும் தானாக வரும். துட்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க, வருபவர்கள் வாசலில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, “எப்படி ஆச்சு?” என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே நடந்தது வீட்டுக்காரருக்கு மனதில் ஏறும். அப்புறம் எலும்பு பொறுக்கும் சஞ்சயனம், பதினாறாம் நாள் அடியந்திரம் என்ற சடங்குகள். கிறிஸ்தவ வீடென்றால் அடக்க ஆராதனை, வீட்டு ஜெபம், நவம்பர் 2-ஆம் தேதி கல்லறையில் மெழுகுவத்தி. ஆடி அமாவாசை வந்தால் குழித்துறை ஆற்றங்கரையிலும் கன்னியாகுமரி முக்கடல் துறையிலும் பலி கொடுக்கக் கூட்டம் நிற்கும்.

அதே வீட்டில், பல வருடம் பந்தயம் ஓடிய குதிரை ஒன்று செத்துப்போனால் இதில் ஒன்றுகூட நடக்காது. வேலைக்கு லீவு கேட்க முடியாது. கேட்டால் சிரிப்பார்கள். கஞ்சி வராது. பத்துப் பேர் வந்து வேடிக்கை பார்ப்பார்கள், ஜேசிபி எப்போது வரும் என்று விசாரிப்பார்கள், போய்விடுவார்கள். மறுநாள் டீக்கடையில் அந்தக் குதிரை எவ்வளவு விலை போயிருக்கும் என்பதுதான் பேச்சாக இருக்கும்.

அழுகை மட்டும் வரும், அதற்கு ஊரில் இடம் இருக்காது. இந்த நிலைக்கு உளவியலில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் ‘அங்கீகாரம் இல்லாத துக்கம்’ என்று சொல்லலாம். அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1980-களில் இதைப் பற்றி எழுத ஆரம்பித்தார். 1989-இல் விரிவாக ஒரு நூலாகவே கொண்டுவந்தார். இந்தக் கட்டுரை அந்தக் கருத்தைப் பற்றியது. பந்தயக் குதிரையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அந்தத் துக்கத்தின் எல்லாக் கிளைகளும் அந்த ஒரு சாவில் தெரிகின்றன என்பதுதான்.

டோக்கா சொல்வது இவ்வளவுதான். துக்கத்தில் இரண்டு பாதி இருக்கிறது. ஒரு பாதி உள்ளே நடப்பது. மறு பாதி வெளியே நடப்பது: இன்னார் இன்னாருக்காகத் துக்கப்படலாம், இத்தனை நாள் படலாம், இந்த வகையில் படலாம் என்று சமூகம் கொடுக்கிற அனுமதி. அந்த அனுமதி கிடைக்காத இடத்தில் உள்ளே நடப்பது குறைந்துவிடுவதில்லை. அதைச் சொல்ல வழியில்லாமல் போகிறது, அதோடு ‘இதுக்குப் போய் அழுறோமே’ என்ற வெட்கமும் வந்து சேர்ந்துகொள்கிறது.

மூன்று விதமாக இந்த அனுமதி மறுக்கப்படும் என்று அவர் பிரித்தார். ஒன்று, உறவே ஒப்புக்கொள்ளப்படாதது: விவாகரத்தான கணவர் இறந்தால் முன்னாள் மனைவி எந்த வரிசையில் போய் நிற்பார்? இரண்டாவது, இழப்பே இழப்பாகக் கணக்கில் வராதது: கருக்கலைந்த பெண்ணிடம் ‘அடுத்தது நிக்கும் மக்களே’ என்று சொல்லி முடித்துவிடுவது. மூன்றாவது, துக்கப்படுகிற ஆளையே ஆளாக மதிக்காதது: ‘சின்னப் புள்ளைக்கு என்ன தெரியும்’ என்று பேரப்பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவது. இறந்த விதத்தை வைத்தும் இது நடக்கும். தற்கொலை நடந்த வீட்டில் துட்டி கேட்க வருபவர்கள் கண்ணைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பின்னால் வந்த ஆய்வாளர்கள் வளர்ப்புப் பிராணிகளின் சாவை இந்தக் கருத்துக்கு நல்ல எடுத்துக்காட்டாகத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

நாய், பூனையை விடப் பந்தயக் குதிரையின் சாவு கொஞ்சம் சிக்கலானது. அது செல்லமும்தான், சொத்தும்தான். அதனால் ‘எவ்வளவு நஷ்டம்?’ என்ற கேள்வி உடனே வந்து உட்கார்ந்துகொள்ளும். துக்கத்தை நஷ்டமாக மாற்றிவிட்டால் ஆறுதல் சொல்வது சுலபம். வேறு ஒன்று வாங்கலாம், அவ்வளவுதான்.

குமரி மாவட்டத்தில் ரேஸ் கோர்ஸ் எதுவும் இல்லை. கிண்டியும் பெங்களூருவும் நமக்கு எட்டாத தூரம். நமக்குத் தெரிந்தது கோயில் கொடை, ஊர்த் திருவிழா என்று தெக்கத்தி ஊர்ச் சாலைகளில் நடக்கும் மாட்டுவண்டிப் பந்தயமும் குதிரைவண்டிப் பந்தயமும்தான். வண்டியில் ஒரு சாரதி. பின்னால் பைக்கில் கத்திக்கொண்டே வரும் பத்திருபது பேர். பரிசுத்தொகை குதிரையின் வருடச் செலவுக்குக் காணாது. கொள்ளு, தவிடு, பச்சைப்புல், லாடம், மருந்து என்று கணக்குப் போட்டால் பணத்துக்காக இதை யாரும் செய்வதில்லை என்பது தெரிந்துவிடும்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் எனக்குப் பழக்கமான ஒருவர் அப்படி ஒரு மட்டக்குதிரை வைத்திருந்தார். ஒரு நாள் சாயங்காலம் அது தீனி எடுக்கவில்லை. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. முன்னங்காலால் தரையைச் சுரண்டியது. பிறகு படுத்து உருண்டது. குதிரை வைத்திருப்பவர்களுக்கு இந்த மூன்றும் தெரியும்: வயிற்றுவலி. மருத்துவர்கள் கோலிக் என்பார்கள். மாட்டுக்கு வரும் வயிற்று உப்புசம் போல இதை நினைத்துவிடக் கூடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையின் வாயில் இருக்கும் தசை அவ்வளவு இறுக்கம். உள்ளே காற்றோ தீனியோ அடைத்துக்கொண்டால் மேல்பக்கமாக வெளியேற வழியில்லை. குடல் முறுக்கிக்கொண்டுவிட்டால் அறுவைச் சிகிச்சை ஒன்றுதான் கதி, அதுவும் சில மணி நேரத்துக்குள்.

கால்நடை மருத்துவர் வந்து வலிக்கு ஊசி போட்டார், மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றில் கட்டியிருந்ததை இறக்கிப் பார்த்தார். ராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாமா என்று பேச்சு நடந்தது. வண்டி பிடிப்பதற்குள் குதிரை படுத்துவிட்டது. விடியும் முன்னால் முடிந்துவிட்டது.

அவர் என்னிடம் பிறகு சொன்னவற்றில் சாவைப் பற்றியது குறைவு. தோவாளைப் பூச்சந்தைக்கு மாலை வாங்கப் போனதைத்தான் அதிகம் சொன்னார். மாலை கட்டுபவர் தெரிந்தவர். “யாருக்கு அண்ணாச்சி, யாரும் தவறிட்டாவளா?” என்று கேட்டிருக்கிறார். குதிரைக்கு என்று சொல்ல இவருக்கு நாக்கு எழவில்லை. “சொந்தத்துல ஒருத்தரு” என்றிருக்கிறார். “அடப்பாவமே” என்று அவர் மாலையில் இன்னும் ரெண்டு சரம் பிச்சிப்பூ வைத்துக் கட்டிக் கொடுத்தாராம். காசு கொஞ்சம் குறைத்தும் வாங்கிக்கொண்டாராம். குதிரை செத்து அவருக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான், அதையும் பொய் சொல்லி வாங்க வேண்டியிருந்தது. டோக்காவின் கருத்தை யாருக்காவது விளக்க வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

வீட்டுக்கு வந்தவர்கள் சொன்னது வழக்கமானதுதான். “போட்டும் அண்ணாச்சி, வேற ஒண்ணு வாங்கிரலாம்.” “மனுசனுக்கே மதிப்பில்ல, இதுக்குப் போயி.” “நல்லவேளை, பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகல்ல.” யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மனிதச் சாவுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் பாடம் இருக்கிறது, இதற்குப் பாடம் இல்லை. அதனால் வாயில் வந்ததைச் சொல்கிறார்கள்.

சரி, உரிமையாளருக்காவது நாலு பேர் வந்தார்கள். தினமும் அதோடு கிடந்த ஆளை யார் கேட்டார்கள்?

பந்தயக் குதிரையின் துக்கத்தில் ஒரு படிவரிசை இருக்கிறது. உரிமையாளர், பயிற்சியாளர், ஜாக்கி அல்லது சாரதி, கடைசியில் சைஸ் எனப்படும் குதிரை பராமரிப்பாளர். அனுதாபம் மேலிருந்து கீழே வரும்போது பாதியிலேயே தீர்ந்துவிடும். ஆனால் பழக்கம் கீழேயிருந்துதான் அதிகம். விடியற்காலை லாயத்தைக் கூட்டுவது, சாணத்தைப் பார்த்து உடம்பு நன்றாக இருக்கிறதா என்று சொல்வது, நாலு காலையும் தூக்கிக் குளம்பின் அடியில் கல் குத்தியிருக்கிறதா என்று கொக்கியால் சுத்தம் செய்வது, ஓடிவிட்டு வந்தால் வேர்வை அடங்கும்வரை நடத்திக் கூட்டிப் போவது எல்லாம் அவர் வேலை. குதிரை செத்த மறுநாளும் அவருக்கு அதே நேரத்தில் விழிப்பு வரும். போய்ப் பார்க்க ஒன்றும் இருக்காது. சில இடங்களில் அதே காலையில் அடுத்த லாயத்துக் குதிரையைக் கவனிக்கச் சொல்லிவிடுவார்கள். அவருடைய துக்கம் சம்பளத்துக்குள் அடங்கிவிட்டதாக நினைப்பு.

இதற்கு மாறாகவும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ‘மேன் ஓ வார்’ என்ற குதிரையைப் பல வருடம் பார்த்துக்கொண்டவர் வில் ஹார்பட் என்ற கறுப்பினத்தவர். பார்க்க வருகிற ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்தக் குதிரையின் கதையை அவர்தான் சொல்வார். 1947 அக்டோபரில் அவர் இறந்தார். அவரை இழந்து வாடுவோர் பட்டியலில் மனைவி, மக்களோடு குதிரையின் பெயரையும் சேர்த்து அச்சிட்டது ஒரு குதிரைப் பந்தய இதழ். அடுத்த மாதம் 1-ஆம் தேதி குதிரையும் இறந்தது. அதன் உடலைப் பதப்படுத்தி, பெட்டியில் வைத்து, சவ அடக்கம் நடத்தினார்கள். சுமார் 2000 பேர் வந்தார்கள். வானொலியில் ஒலிபரப்பானது.

மனிதனை விட்டுவிட்டுக் குதிரைக்கு இவ்வளவு செய்வதா என்று தோன்றலாம். எனக்கும் கொஞ்சம் தோன்றுகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: புகழ் வந்துவிட்டால் அனுமதியும் வந்துவிடுகிறது. ஃபார் லாப் என்ற குதிரை 1930-இல் மெல்போர்ன் கோப்பையை வென்றது. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையும் சோறும் இல்லாமல் கிடந்த ஆஸ்திரேலியர்களுக்கு அது ஒரு பிடிமானம். 1932 ஏப்ரல் 5-ஆம் தேதி அமெரிக்காவில் திடீரென்று இறந்தது. அதன் தோல் மெல்போர்ன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, எலும்புக்கூடு அது பிறந்த நாடான நியூசிலாந்தின் வெலிங்டனில், இதயம் கான்பெராவில். மூன்று ஊர் பங்குபோட்டு வைத்துக்கொண்ட துக்கம் அது. ஆரல்வாய்மொழிக் குதிரைக்கு வாசலில் ஒரு நாற்காலிகூடப் போடப்படவில்லை. அழுதவர்களின் நெஞ்சில் இருந்தது இரண்டு இடத்திலும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இது வெள்ளைக்காரர்கள் வழக்கம், நம்மிடம் இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு நடுகல் இருக்கிறது. சேவற்சண்டையில் செத்த ஒரு கோழிக்கு எடுத்த கல் அது. கல்லில் சேவல் உருவம், பக்கத்தில் பழைய வட்டெழுத்து. இன்றைய பந்தய மிருகங்களுக்கு இதைவிட நெருங்கிய முன்னோடி வேறு கிடையாது: போட்டியில் இறங்கிய பிராணி, தோற்றோ ஜெயித்தோ செத்தது, அதற்குக் கல் நாட்டினார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் கோவிவன் என்ற நாய்க்குத் தன் எஜமானோடு சேர்ந்து கல்லில் இடம் கிடைத்திருக்கிறது. அது மகேந்திரவர்மப் பல்லவன் காலம். இன்றைக்கும் மதுரைப் பக்கம் கோயில் காளை செத்தால் மாலை, வேட்டி, மேளம் என்று மனிதனுக்குச் செய்வதுபோலவே செய்து அடக்கம் செய்கிறார்கள். அங்கே அழுகிறவர்களை யாரும் கேலி செய்வதில்லை, ஏனென்றால் அந்தக் காளை ஊருக்குப் பொது.

நம் மாவட்டத்தில் குதிரை என்றால் சாமி வாகனம். விஜயதசமி அன்று கன்னியாகுமரி பகவதி அம்மன் வெள்ளிக்குதிரையில் ஏறி மகாதானபுரத்துக்குப் பரிவேட்டைக்குப் போகிறாள். சாமித்தோப்பில் எட்டாம் திருவிழாவுக்கு அய்யா வைகுண்டர் வெள்ளைக்குதிரை வாகனத்தில் கலிவேட்டை ஆடுகிறார். வாகனக் குதிரைக்கு மாலை போட்டுக் கும்பிட யாருக்கும் கூச்சமில்லை. உயிரோடு இருந்து செத்த குதிரைக்கு மாலை வாங்கத்தான் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.

கால் உடைந்தால் ஏன் முடிவு?

பந்தயக் குதிரையின் சாவில் இன்னொரு பாரம் உண்டு. பெரும்பாலும் அந்தச் சாவை யாரோ ஒரு மனிதர் ‘சரி’ என்று சொல்லி முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ‘கால் உடைஞ்சா கட்டுப் போட்டா சரியாகாதா, அதுக்குப் போய்க் கொல்லணுமா?’ என்று புதிதாகக் கேட்பவர்கள் எல்லோரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தெரியாதவரை குதிரைக்காரர்களின் குற்ற உணர்ச்சி நமக்குப் புரியாது.

பந்தயக் குதிரையின் எடை 450 முதல் 500 கிலோ. முழங்காலுக்குக் கீழே அதற்குச் சதை என்று ஒன்றும் கிடையாது. எலும்பு, நரம்பு, தோல் அவ்வளவுதான். ரத்த ஓட்டம் குறைவு, அதனால் எலும்பு கூடுவதும் மெதுவாகத்தான். உடைந்தால் பல நேரம் நொறுங்கிவிடும், தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். சரி, படுக்க வைத்துப் பார்த்துக்கொள்ளலாமே என்றால், இவ்வளவு எடை உள்ள மிருகம் நாள்கணக்கில் படுத்துக் கிடந்தால் அதன் பாரமே நுரையீரலையும் தசைகளையும் நசுக்கிவிடும். நின்றே ஆக வேண்டும். நின்றால் உடைந்த காலின் பாரமும் மற்றக் கால்களுக்குப் போகும்.

குளம்பின் சுவருக்கும் உள்ளே இருக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய மடிப்பு மடிப்பான திசு இருக்கிறது. அதுதான் எலும்பைக் குளம்போடு பிடித்து வைத்திருக்கிறது. குதிரையின் மொத்த எடையும் அதில் தொங்குகிறது என்றே சொல்லலாம். பாரம் கூடி ரத்த ஓட்டம் கெட்டால் அந்தத் திசு அழன்று விட்டுப்போகும், எலும்பு குளம்புக்குள் கீழே இறங்கும். நகம் சதையிலிருந்து பிரிந்த பிறகும் அதன்மேல் நின்றே ஆக வேண்டிய வலி. லாமினைட்டிஸ் என்று பெயர். உடைந்த காலைக் காப்பாற்றும்போது நல்ல காலில் இது வந்து குதிரையைக் கொண்டுபோய்விடும்.

பார்பரோ என்ற அமெரிக்கப் பந்தயக் குதிரைக்கு நடந்தது இதுதான். 2006 மே 6-ஆம் தேதி கென்டக்கி டெர்பியை வென்ற குதிரை. இரண்டு வாரம் கழித்து, மே 20-ஆம் தேதி, அடுத்த பந்தயத்தின் தொடக்கத்திலேயே வலது பின்னங்கால் இருபதுக்கும் மேற்பட்ட துண்டுகளாக உடைந்தது. மறுநாள் பென்சில்வேனியாவில் மணிக்கணக்கில் அறுவைச் சிகிச்சை. எஃகுத் தகடும் 27 திருகுகளும் வைத்தார்கள். மயக்கம் தெளியும்போது அதை நீச்சல்குளத்தில் ஒரு ரப்பர் மிதவையில் தொங்கவிட்டார்கள். அதற்கும் ஒரு காரணம் உண்டு. 1975-இல் ரஃபியன் என்ற பெண்குதிரை, அதுவரை தோல்வியே காணாதது, இப்படித்தான் கால் உடைந்து சிகிச்சை முடிந்து கண் விழித்தது. விழித்ததும் இன்னும் பந்தயத்தில் ஓடுவதுபோலப் படுத்தபடியே கால்களை வீசி, போட்ட கட்டை உடைத்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் அதை முடித்துவைத்தார்கள். அது கடைசியாக ஓடிய பெல்மான்ட் மைதானத்திலேயே, கொடிமரத்துப் பக்கத்தில் அப்போது புதைத்தார்கள், மூக்கு வெற்றிக்கோட்டைப் பார்த்தபடி.

பார்பரோ குளத்திலிருந்து பத்திரமாக எழுந்தது. ஜூலையில் இடது பின்னங்காலில், அதாவது உடையாத காலில், லாமினைட்டிஸ் வந்தது. அந்தக் குளம்பின் பெரும்பகுதியை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. அதையும் தாங்கி மாதங்கள் ஓட்டியது. நாடு முழுக்க முன்பின் தெரியாதவர்கள் ஆப்பிளும் கேரட்டும் பூங்கொத்தும் கடிதமும் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். 2007 ஜனவரியில் முன்னங்கால்கள் இரண்டிலும் லாமினைட்டிஸ். நிற்க ஒரு நல்ல கால்கூட மிச்சமில்லை. ஜனவரி 29-ஆம் தேதி ஊசி போட்டு முடித்துவைத்தார்கள். எட்டு மாதப் போராட்டம். அந்த மருத்துவமனைக்கு வந்து குவிந்த கடிதங்களைச் சிலர் கேலி செய்தார்கள்: ஒரு குதிரைக்கா இவ்வளவு? டோக்கா சொன்னது நாடு தழுவிய துக்கத்துக்கும் பொருந்தத்தான் செய்கிறது.

இப்போது அந்த ‘சரி’ சொல்லும் ஆளின் இடத்தில் நின்று பாருங்கள். வலியில் இருக்கும் குதிரையை வைத்திருந்தால் கொடுமை. ஊசி போடச் சொன்னால், ‘இன்னும் ஒரு நாள் பார்த்திருக்கலாமோ’ என்று பல வருடம் மனது கேட்கும். மனிதச் சாவில் இந்த முடிவை எடுக்கும் நிலை பெரும்பாலும் நமக்கு வருவதில்லை, கடவுள் மேலோ டாக்டர் மேலோ போட்டுவிடலாம். கால்நடை மருத்துவர்களுக்கும் இந்தப் பாரம் உண்டு. அவர்களைத் துக்கப்படுபவர்கள் கணக்கில் யாரும் சேர்ப்பதே இல்லை.

இங்கே ஓர் எதிர்க்கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஓடவைத்தவரே அழுவது நாடகம் இல்லையா? பந்தயம் இல்லையென்றால் அந்தக் கால் உடைந்திருக்காதே? உடைந்திருக்காது, உண்மைதான். இரண்டு வயதுக் குதிரையை முழு வேகத்தில் ஓட்டுவதும் சாட்டையும் மருந்தும் கேள்வி கேட்கப்பட வேண்டியவைதான். ஆனால் பொறுப்பு இருக்கிறது என்பதால் துக்கம் பொய்யாகிவிடாது. தான் ஓட்டிய பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த தம்பி செத்துப்போனால், ஓட்டிய அண்ணன் மற்றவர்களைவிட அதிகமாகத்தான் அழுவான். குற்ற உணர்ச்சி கலந்த துக்கத்தை ‘உனக்கு அழ உரிமை இல்லை’ என்று அடைத்தால் அது இன்னும் ஆழமாகப் போகும், அவ்வளவுதான் நடக்கும். ஒருவரிடம் கணக்குக் கேட்பதும் அவரோடு உட்கார்ந்திருப்பதும் வேறு வேறு நாளில் செய்ய வேண்டியவை.

துக்கம் ஐந்து படிகளில் நடக்கும், மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்று ஒரு பட்டியலை நீங்கள் பார்த்திருக்கலாம். எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அதை முன்வைத்தது சாகப்போகும் நோயாளிகளிடம் பேசிப் பார்த்து. பின்னால் மிச்சமிருப்பவர்களுக்கும் அதைப் போட்டுவிட்டார்கள். ஆரல்வாய்மொழிக்காரர் எந்தப் படியில் நிற்கிறார் என்று தேட வேண்டாம். 1999-இல் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் என்ற இருவர் சொன்னது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது: துக்கப்படுகிறவர் இழப்புக்கும் அன்றாட வேலைக்கும் நடுவில் போய்வந்துகொண்டே இருப்பார். காலையில் சிரித்துப் பேசுவார், மத்தியானம் கொள்ளு மூட்டையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிடுவார். இரண்டும் சரிதான்.

நீண்ட நாள் விடாத துக்கத்தை இப்போது நோய்ப்பட்டியலிலும் சேர்த்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையில் ஆறு மாதத்துக்கு மேல் ஆளை முடக்கிப்போடும் துக்கம் அது. அந்த வரையறையைப் படித்துப் பாருங்கள்: துணைவர், பெற்றோர், பிள்ளை, அல்லது நெருக்கமான வேறொரு நபரின் சாவு என்றுதான் இருக்கிறது. நபர். மருத்துவக் கையேட்டிலேயே குதிரைக்கு இடமில்லை! அதற்காக உதவி கேட்கக் கூடாது என்றில்லை. தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாம் வாரக்கணக்கில் கெட்டுப்போனாலோ, இருந்து என்ன பிரயோஜனம் என்ற நினைப்பு வந்தாலோ 14416 என்ற டெலி-மானஸ் எண்ணிலோ 104-இலோ தமிழிலேயே பேசலாம். எதனால் என்று கேட்டால் குதிரை செத்துவிட்டது என்றே சொல்லலாம். தோவாளையில் சொன்ன பொய் அங்கே தேவையில்லை.

நம் பங்குக்கு என்ன செய்யலாம்?

முதலில் உடலின் காரியம். துக்கத்தில் இருப்பவருக்கு இது பெரிய தலைவலி, நாலு பேர் எடுத்துக்கொண்டால் பெரிய உதவி. ஐந்நூறு கிலோ உடலை ஆள் தூக்க முடியாது. ஜேசிபி வேண்டும், குழி ஆளுயரத்துக்கு மேல் ஆழம் வேண்டும், கிணற்றுக்கும் குளத்துக்கும் தள்ளி மேடான இடம் வேண்டும். நம் ஊரில் எட்டு சென்ட், பத்து சென்ட் என்று வீடுகள் நெருங்கிக் கிடப்பதால் இடம் கிடைப்பதே கஷ்டம். உள்ளாட்சி அலுவலகத்திலும் கால்நடை மருத்துவரிடமும் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. உள்ளே சுண்ணாம்பு போடுவார்கள். ஊசி போட்டு முடித்த உடலென்றால் கண்டிப்பாகத் திறந்த வெளியில் விடக் கூடாது. அந்த மருந்து உடலில் தங்கியிருக்கும், தின்னும் நாயும் கழுகும் செத்துப்போகும். மண் தள்ளுவதற்கு முன்னால் லாடம் ஒன்றைக் கழற்றி வைத்துக்கொள்ளட்டும், வாலிலிருந்து ஒரு கொத்து முடியும். பின்னால் கேட்டால் கிடைக்காது. ஜேசிபியின் கையில் சங்கிலி கட்டித் தூக்கும் காட்சியை வீட்டுப் பிள்ளைகள் பார்க்காமல் இருப்பது நல்லது. ஆனால் அதற்கு முன்னால் ஒருமுறை தொட்டுப் பார்க்க விடுங்கள். ‘வெளியூருக்கு வித்தாச்சு’ என்று அவர்களிடம் கதை சொல்லாதீர்கள், டீக்கடைக்குப் போனால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

கூட நின்ற குதிரை இருந்தால் அதற்கும் செத்ததைக் காட்டுவது நல்லது என்று குதிரை வளர்ப்பவர்கள் பலர் சொல்கிறார்கள். கொஞ்ச நேரம் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடும், தேடிக் கனைப்பது குறையும் என்பது அவர்கள் அனுபவம்.

அப்புறம் துட்டி கேட்கப் போகலாம், இதற்கு ஒன்றும் தடை இல்லையே? ஒரு சீப்பு வாழைப்பழமோ ஒரு பிளாஸ்க் டீயோ கொண்டுபோனாலும் சரி, வெறுங்கையோடு போனாலும் சரி. விலையைக் கேட்க வேண்டாம். வேறு வாங்கலாம் என்று சொல்ல வேண்டாம். அதை அவரே ஒரு நாள் சொல்வார், அல்லது சொல்லாமலே இருந்துவிடுவார். குதிரையின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எப்படி ஆச்சு என்று கேளுங்கள். எந்தப் பந்தயத்தில் நன்றாக ஓடியது என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார், திருப்பத்தில் எந்தப் பக்கம் சாய்ந்து ஓடும், வெடிச்சத்தத்துக்குப் பயப்படுமா, எந்த ஊர்க் குதிரையைக் கண்டால் ஆகாது என்பது வரைக்கும். லாயத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும் பையன் அங்கேதான் எங்காவது நிற்பான். கிளம்பும்போது அவனிடமும் இதே கேள்வியைக் கேட்டுவிட்டு வாருங்கள்.